வென்றது இருக்கிறது, தோற்றது எங்கே? ஓர் அண்ணன் தம்பி வரிக் கோப்பு

2025 மார்ச் மாதக் கடைசியில், மலேசியாவின் பினாங்கில், பினாங்கு ஸ்திரீட் பக்கம் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஒரு லோரி முதலாளி வந்தார். வயது 61. பட்டர்வொர்த்தில் மூன்று லோரிகளை வாடகைக்கு ஓட்டுகிறார். பல வருடமாக அவருடைய வரிக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். மேசைமேல் ஒரு தாளை வைத்தார். அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் 1042-எஸ் பாரம். வருமானக் குறியீடு 28, அதாவது சூதாட்ட வெற்றி. மொத்தத் தொகை 12,000 டாலர், பிடித்த வரி 3,600 டாலர்.

"சார், இதை நம்ம பாரத்துல எங்க எழுதணும்? அவன் புடிச்ச காச திருப்பி வாங்க முடியுமா?"

இரண்டு கேள்விக்கும் அன்றைக்கே பதில் சொன்னேன். ஆனால் கேட்டிருக்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று இருந்தது. அதை நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை ஏழு மாதம் கழித்து வரி அதிகாரி கேட்டார். அதனால்தான் இந்தக் கோப்பை முழுதாக எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். லோரிக்காரரை அண்ணன் என்றும், ஹூஸ்டனில் இருக்கும் அவர் உடன்பிறந்தவரைத் தம்பி என்றும், அண்ணனின் மனைவியை அண்ணி என்றும் சொல்லிப் போகிறேன். வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

நடந்தது

2024 தைப்பூசத்துக்குத் தம்பி பினாங்கு வந்திருந்தார். அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர். அந்த வாரம் இருவரும் அப்பாவின் பழைய லோரி நம்பரை 4டி என்ற நான்கு இலக்க லாட்டரிக் கடையில் எடுத்தார்கள். 'பெரிசு' என்ற பந்தய வகையில் அண்ணன் 10 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), தம்பி 2 வெள்ளி. சனிக்கிழமை முதல் பரிசே அடித்தது. பெரிசில் ஒரு வெள்ளிக்கு 2,500 வெள்ளி. அண்ணனுக்கு 25,000, தம்பிக்கு 5,000.

அக்டோபரில் தம்பி மகளின் அரங்கேற்றத்துக்கு அண்ணன் ஹூஸ்டன் போனார். அது முடிந்து இருவரும் மூன்று நாள் லாஸ் வேகாஸ் போனார்கள். முதல் இரண்டு நாளும் அண்ணன் தம்பியின் காசினோ உறுப்பினர் அட்டையைச் செருகி ஆடினார். புள்ளி சேர்ந்தால் அறை வாடகை குறையும் என்ற கணக்கு. அதில் 3,100 டாலர் போனது. மூன்றாம் நாள் தன் பெயரிலேயே ஓர் அட்டை எடுத்தார். 1,900 டாலர் போன பிறகு ஜேக்பாட் மெஷினில் 12,000 விழுந்தது.

மெஷின் நின்றுவிட்டது. ஊழியர் வந்து பாஸ்போர்ட் கேட்டார். வெளிநாட்டவர் என்று தெரிந்ததும் 30 விழுக்காடு பிடித்துக்கொண்டு 8,400 டாலரை எண்ணிக் கொடுத்தார்கள். அப்போது தம்பி மெதுவாக, "அண்ணே, நான்தான் ஆடினேன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுடட்டா? எனக்குப் புடிக்க மாட்டாங்க" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்காகப் பிறகு பல மாதம் வருத்தப்பட்டார். அவர் செய்தது சரி என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தப் பாரத்தில் போடும் கையெழுத்து, பொய் என்றால் தண்டனைக்கு உடன்படுகிறேன் என்று சொல்லிப் போடுவது. 3,600 டாலருக்காகத் தம்பியை அந்த இடத்தில் நிறுத்தியிருக்கக் கூடாது.

அதே மெஷினில் அதே தொகை தம்பிக்கு விழுந்திருந்தால், வரி எண் கொடுத்த குடிமகன் என்பதால் அங்கேயே எதுவும் பிடித்திருக்க மாட்டார்கள். டபிள்யூ-2ஜி என்ற பாரம் மட்டும் கைக்கு வரும், அதன் நகல் ஐஆர்எஸ்ஸுக்குப் போகும். 2024-இல் ஜேக்பாட் மெஷினுக்கு அந்தப் பாரம் வருவதற்கான வரம்பு 1,200 டாலர். 2026 முதல் அதை 2,000 ஆக்கியிருக்கிறார்கள். அந்தப் பாரம் வரவில்லை என்றாலும் வெற்றியைக் காட்டியே ஆக வேண்டும். பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

மெஷினை விட்டு மேசைக்குப் போயிருந்தால் அண்ணனுக்கும் பிடித்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டவருக்கு பிளாக்ஜாக், பக்கரா, கிராப்ஸ், ரூலெட், பிக்-6 சக்கரம் ஆகிய ஐந்துக்கும் சட்டமே விலக்குத் தருகிறது. ஜப்பான், பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாட்டுக்காரர்களுக்கு வரி ஒப்பந்தம் இருப்பதால் மெஷினில் வென்றாலும் வரி இல்லை. மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே முழுமையான வருமான வரி ஒப்பந்தம் கிடையாது. கப்பல், விமானப் போக்குவரத்து பற்றிய ஒன்று மட்டும்தான் இருக்கிறது. அது ஜேக்பாட்டுக்கு உதவாது.

அண்ணனின் அமெரிக்கப் பாரம்

வெளிநாட்டவர் வேறு நாள் தோற்றதை வென்றதிலிருந்து கழிக்க முடியாது. கனடாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் ஒப்பந்தத்தில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் வெற்றி என்பதை எப்படி அளப்பது என்பது வேறு கேள்வி. தென்கொரியாவைச் சேர்ந்த பார்க் என்பவரிடம், ஒவ்வொரு முறை விழுந்ததற்கும் தனித்தனியாக வரி கட்டு என்று ஐஆர்எஸ் கேட்டது. 2013-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அமெரிக்கர்களுக்கு ஒரு முறை உட்கார்ந்து எழுகிற ஆட்டம் முழுவதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும்போது, வெளிநாட்டவருக்கும் அப்படியே பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு. 2015-இல் ஐஆர்எஸ் ஒரு முன்மொழிவும் வெளியிட்டது. அட்டையில் பதிவாகும் ஜேக்பாட் மெஷின் ஆட்டத்துக்கு, ஒரே இடத்தில் ஒரே தேதியில் ஆடியதை ஓர் ஆட்டமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது அது.

அண்ணனின் மூன்றாம் நாளை எடுத்தோம். விழுவதற்கு முன் 1,900 போனது, விழுந்த பிறகு இன்னும் 1,100 போனது. 12,000-இல் 3,000 கழித்தால் 9,000. அதற்கு 30 விழுக்காடு 2,700. பிடித்தது 3,600. திரும்ப வர வேண்டியது 900 டாலர்.

இந்த 900 டாலருக்கு நடந்த நடை கொஞ்சமில்லை. அமெரிக்க வரி எண் இல்லாததால் டபிள்யூ-7 பாரம், பாஸ்போர்ட்டின் சான்றளித்த நகல், காசினோவிடம் எழுதி வாங்கிய தேதிவாரி அட்டைப் பதிவு, வெளிநாட்டவர் வரிக் கணக்குக் காட்டும் 1040-என்ஆர் பாரம். அமெரிக்காவில் சம்பளம் இல்லாதவருக்குக் கடைசி நாள் ஜூன் நடுவில். அமெரிக்கப் பாரங்களுக்குக் கையெழுத்துப் போடும் தகுதி எனக்கு இல்லை என்பதால் தம்பியின் ஹூஸ்டன் கணக்காளர்தான் போட்டார். முதல் இரண்டு நாளில் போன 3,100 டாலர் இந்தக் கணக்கில் எங்கும் நுழையாது. அது தோற்ற நாள், அதுவும் தம்பி அட்டையில்.

தம்பியின் பாரம்

அந்த 3,100 தம்பியின் பாரத்துக்குள் நுழைந்துவிட்டது.

2024-இல் தம்பி மூன்று தடவை வேகாஸ் போயிருக்கிறார். டபிள்யூ-2ஜி தாள்களின் கூட்டுத்தொகை 18,400 டாலர். காசினோ கொடுத்த ஆண்டறிக்கையில் தோற்றது 21,000. கணக்காளர் 18,400-ஐ வருமானத்தில் காட்டினார். தோற்றதைச் செலவுப் பட்டியலில் 18,400 வரை கழித்தார். வென்றதற்கு மேல் கழிக்க விடமாட்டார்கள். பட்டியலில் வீட்டுக் கடன் வட்டியும் சொத்து வரியும் சேர்ந்து 13,400. ஆக மொத்தம் 31,800.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பட்டியல் எதுவும் போடாமலே கணவன் மனைவிக்குப் பொதுக் கழிவாக அந்த ஆண்டு 29,200 டாலர் கிடைத்திருக்கும். பட்டியல் போட்டதால் கூடுதலாகக் கிடைத்தது 2,600 மட்டும். வென்ற 18,400-இல் மீதி 15,800-க்கும் வரி விழுந்தது. தம்பிக்கு 140,000 டாலர் சம்பளம், அதற்கு மேல் வந்த இந்தப் பணத்துக்கு 22 விழுக்காடு வரி. வரி 3,476 டாலர். ஆண்டறிக்கைப்படி அவர் நிகரமாகத் தோற்றவர். தோற்ற பிறகும் 3,476 கட்டியிருக்கிறார்!

"எல்லாம் சேத்துப் பாத்தா எனக்கு நஷ்டம்தானே சார், அப்புறம் என்ன வரி?" என்று போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நாட்டுப் பாரத்தில் வெற்றிக்கு ஒரு கதவு, தோல்விக்கு இன்னொரு கதவு. இரண்டும் ஒரே அறைக்குத் திறப்பதில்லை.

அண்ணனுக்குப் பார்த்த மாதிரியே தம்பிக்கும் நாள்வாரியாகப் பிரிக்கலாமே என்று கணக்காளரிடம் கேட்டேன். பிரித்தார். அப்போதுதான் அக்டோபரில் இரண்டு நாள், ஒரே நேரத்தில் ஒரே அட்டை எண்ணில் இரண்டு மெஷின்கள் ஓடியிருப்பது தெரிந்தது. ஒன்று தம்பி, ஒன்று அண்ணன். அண்ணனின் 3,100-ஐ எடுத்ததும் தம்பியின் தோல்வி 17,900 ஆனது. அதாவது அந்த வருடம் அவர் உண்மையில் 500 டாலர் வென்றிருக்கிறார். அதையும் நாள்வாரியாக வைத்தால் வென்ற நாட்களின் கூட்டு 9,600, தோற்ற நாட்களின் கூட்டு 9,100. 9,600-ஐ மட்டும் வருமானத்தில் காட்டிப் பொதுக் கழிவை எடுத்துக்கொண்டால் வரி 2,112 டாலர். 500 டாலர் வென்றவருக்கு அதுவும் கனம்தான். ஆனால் முன்பு கட்டியதைவிட 1,364 குறைவு.

திருத்தப் பாரம் போட்டார்கள். டபிள்யூ-2ஜி தாள்களில் 18,400 இருக்க, பாரத்தில் 9,600 மட்டும் இருந்தால் ஐஆர்எஸ்ஸின் கணினி சும்மா விடாது. சிபி2000 என்ற கடிதம் வரும். அதனால் நாள்வாரி அட்டவணையையும் விளக்கத்தையும் முன்கூட்டியே இணைத்தார்கள். தைப்பூசத்துக்கு அடித்த 5,000 வெள்ளியையும் அப்போதுதான் சேர்த்தார்கள். அமெரிக்கக் குடிமகன் உலகத்தில் எங்கே வென்றாலும் அங்கே காட்ட வேண்டும், பட்டர்வொர்த் 4டி கடையும் அதில் அடக்கம். அதற்கு வரி சுமார் 230 டாலர். ஒரே நம்பர், ஒரே கடை. அண்ணனின் 25,000 வெள்ளிக்கு ஒரு காசு வரி இல்லை.

தம்பியிடம் இன்னொன்றும் சொன்னேன். 2025 ஜூலை 4-ஆம் தேதி அமெரிக்காவில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 முதல் தோற்றதில் 90 விழுக்காட்டை மட்டுமே கழிக்கலாம். 100,000 வென்று 100,000 தோற்றவர், கையில் ஒன்றும் இல்லாமலே 10,000-க்கு வரி கட்டுவார். இதைக் கேட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நம் ஊர்ப் பாரம்

அண்ணனின் முதல் கேள்விக்கு வருகிறேன். நம் 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்கீழ், எப்போதாவது விழும் லாட்டரி, காசினோ வெற்றி வருமானம் ஆகாது. பந்தயத்தையே தொழிலாக நடத்துகிறவர் விஷயம் வேறு. அரசு தன் பங்கை விளையாட்டு நடத்தும் நிறுவனங்களிடம் வாங்கிக்கொள்கிறது. ஆகவே தொழில் செய்பவர்கள் வருமான வரிக்குப் போடும் பி பாரத்தில் அண்ணன் எழுத வேண்டியது எதுவும் இல்லை. அப்படித்தான் சொன்னேன், அப்படியே ஜூனில் பாரமும் போனது.

நான் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டேன், அதுதான் தவறு. எழுத வேண்டாம் என்றால் கணக்கே வேண்டாம் என்று அண்ணன் எடுத்துக்கொண்டார். வரி இல்லாத பணத்துக்குத்தான் ஆதாரம் அதிகம் தேவைப்படும் என்பதை நான் அன்றைக்கே அவருக்கு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

செப்டம்பரில் தணிக்கைக் கடிதம் வந்தது. 2024-இல் அண்ணன் ஒரு பழைய லோரியை ரொக்கத்துக்கு வாங்கியிருந்தார், மகள் கல்யாணத்துக்கு நகை எடுத்திருந்தார், நிரந்தர வைப்பும் போட்டிருந்தார். வரி விதிப்புக்குரிய வருமானமாகக் காட்டியது 60,000 வெள்ளி. அதிகாரி மூலதன அறிக்கை கேட்டார். ஒரு வருடத்தில் சொத்து எவ்வளவு கூடியது, குடும்பத்துக்கு எவ்வளவு செலவானது, இரண்டையும் கூட்டி, தெரிந்த வருமானத்தைக் கழிப்பார்கள். மிச்சம் நிற்பதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும். மிச்சம் 90,000 வெள்ளி நின்றது.

அண்ணனிடம் பதில் தயாராக இருந்தது. 4டி 25,000. வேகாஸ் 8,400 டாலர், அன்றைய விலையில் சுமார் 36,000. காசினோ இருக்கும் கெந்திங் மலையில் பல இரவுகளில் வென்றது 29,000. கூட்டினால் சரியாக 90,000. அவ்வளவு கச்சிதமாக அடைந்ததே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

4டி பணம் வங்கியில் போட்ட தேதி பரிசுத் தேதியோடு பொருந்தியது. வேகாஸுக்கு 1042-எஸ் இருந்தது. அமெரிக்காவில் பணம் திரும்ப வாங்க எடுத்த அந்தத் தாள் இங்கேயும் உதவியது. அதிகாரி அதைப் பார்த்ததுமே ஏற்றுக்கொண்டார். கெந்திங்குக்கு அட்டைப் பதிவை வாங்கிக் கொடுத்தோம். பிறகு அண்ணன் பணம் மாற்றிய ரசீதுகளை அதிகாரி ஒவ்வொன்றாகக் கூட்டினார். 7,300 டாலர்தான் வந்தது.

"என்சிக் (ஐயா), காசினோ கொடுத்தது 8,400. மீதி 1,100 எங்கே?"

"அங்கேயே விட்டுட்டேன்."

"அப்படியானால் மற்ற நாட்களில்? இந்த அறிக்கையில் வென்றது இருக்கிறது. தோற்றது எங்கே?"

நான் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான். குடும்பச் செலவு பட்டியலில் அரிசி, மின்சாரம், பெட்ரோல், கோயில் உபயம் வரை எழுதியிருந்தோம். ஆட்டத்தில் போன பணம் ஒரு வரியில்கூட இல்லை. வென்றதை வரவில் வைக்கிறவர் தோற்றதைச் செலவில் வைக்க வேண்டும். இது அமெரிக்கச் சட்டமோ மலேசியச் சட்டமோ இல்லை, சாதாரண வரவு செலவு.

அடுத்த சந்திப்புக்கு அண்ணி வந்தார். கைப்பையில் நான்கு 555 புத்தகங்கள். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்னப் புத்தகம். கல்யாணமான நாள் முதல் வீட்டுச் செலவை அதில்தான் எழுதுகிறாராம். கணவர் மலைக்குப் போகும்போது எடுத்துப் போன பணம், திரும்பி வந்து கொடுத்த பணம், வாரவாரம் நம்பருக்குப் போனது, அமெரிக்காவுக்கு எடுத்துப் போனது, எல்லாம் தேதியோடு இருந்தது. "நான் சண்டை போடறதுக்காக எழுதல சார். மாசக் கடைசியில எங்க போச்சுன்னு தெரியணும்ல" என்றார்.

சூதாட்டக் கணக்கு எப்படி வைக்க வேண்டும் என்று ஐஆர்எஸ் 1977-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. தேதி, ஆட்டத்தின் வகை, இடம், கூட இருந்தவர், வென்றது, தோற்றது என்று எழுதச் சொல்கிறது. அண்ணியின் புத்தகத்தில் இதில் முக்கால்வாசி இருந்தது. வரித் தொழிலில் இருந்துகொண்டு நான் வாங்கத் தவறிய ஆதாரத்தை அவர் யாரும் கேட்காமலே சேர்த்து வைத்திருந்தார்.

அதன்படி கூட்டினோம். வேகாஸில் போனது 6,100 டாலர், சுமார் 26,200 வெள்ளி. கெந்திங்கில் தோற்ற இரவுகள் 12,000. நம்பர் எடுத்துப் போனது 1,800. மொத்தம் 40,000. ஆக, 90,000-இல் ஆட்டத்தால் உண்மையிலேயே விளக்க முடிந்தது 50,000. மீதி 40,000 எங்கிருந்து வந்தது?

அண்ணன் அன்று எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத் தனியாக வந்தார். இரவுச் சந்தை வியாபாரிகளுக்கு ஓட்டிய லோரிக்கு ரொக்கமாக வாங்கிய வாடகை, ரசீது போடாதது, எழுதாமல் விட்டது. அதையெல்லாம் கெந்திங் வெற்றி என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரா, ஜெயித்த இரவுகள் மட்டுமே ஞாபகத்தில் நின்றதா என்று நான் துருவவில்லை. இரண்டாவதுதான் என்று நம்புகிறேன்.

எப்படி முடிந்தது

மதிப்பீடு தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பு வரி கட்டுகிறவருடையது. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. மதிப்பீடு வந்த 30 நாளுக்குள் கியூ பாரம் போட்டு மேல்முறையீடு செய்யலாம். வேண்டாம் என்று சொன்னேன். நம்மிடம் இருக்கிற ஒரே வலுவான சாட்சி அண்ணியின் புத்தகம், அது நமக்கு எதிராகவும் பேசுகிறது. அதே புத்தகம்தான் மற்ற 50,000-ஐக் காப்பாற்றியது என்பதையும் மறக்கக் கூடாது. கெந்திங் அட்டைப் பதிவுக்கு அந்தத் தேதிகள் ஒத்துப்போனதால்தான் அதிகாரி முழு 90,000-ஐயும் வருமானத்தில் சேர்க்காமல் விட்டார்.

40,000 வெள்ளி வருமானத்தில் சேர்ந்தது. முதல் 10,000-க்கு 11 விழுக்காடு, அடுத்த 30,000-க்கு 19. கூடுதல் வரி 6,800 வெள்ளி, அதற்கு மேல் அபராதம். குறைவாகக் கட்டிய வரியின் அளவுக்கே அபராதம் போடச் சட்டத்தில் இடம் உண்டு. தானாக ஒப்புக்கொண்டு ஒத்துழைத்ததால் அதைவிடக் குறைத்தார்கள். தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறார். பழைய ஆண்டுகளின் ரொக்க வாடகையையும் இப்போது உட்கார்ந்து எடுக்கிறோம். கவனக்குறைவு என்று காட்ட முடிந்தால் ஐந்து வருட வரம்பையும் தாண்டிப் போக அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

தம்பிக்கு சுமார் 1,130 டாலர் திரும்பி வந்தது. அண்ணனின் 900 டாலர் கோப்பு இன்னும் ஐஆர்எஸ்ஸிடம் இருக்கிறது. ஆதாரம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, பதில் போட்டாயிற்று.

அண்ணன் போன வாரமும் கேட்டார், அந்த 3,100 டாலரை ஏதாவது செய்ய முடியாதா என்று. அவருடைய அமெரிக்கப் பாரத்தில் அதற்கு இடமில்லை. தம்பியின் பாரத்திலிருந்து எடுத்தாயிற்று. நம் ஊர் மூலதன அறிக்கையில் மட்டும் இருக்கிறது, செலவுப் பக்கத்தில், அண்ணியின் கையெழுத்தில்.